காயாத மேற்குச் சுவர்

நேரில் எல்லோரும் அவரைப் பெயிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தெருமுனை திரும்பியதும் 'காயட்டும்' என்பார்கள். அந்தப் பட்டப்பெயர் தமக்கு இருப்பது அவருக்கும் தெரியும். எந்த வீட்டுக்கு அழைத்தாலும் முதலில் வலது புறங்கையைச் சுவரில் வைப்பார். உள்ளங்கையை வைக்க மாட்டார். உள்ளங்கை வேலை செய்து தடித்துப்போனது, அதற்குச் சூடும் தெரியாது, ஈரமும் தெரியாது என்பார். நர்சுகள் நாங்கள் நோயாளியின் நெற்றியில் கை வைத்துக் காத்திருப்போமே, அதுபோலக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு "காயட்டும்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பையைத் திறக்காமலே கிளம்பிவிடுவார்.

வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வரும்.

"நாலு நாள்ல ஆளுங்க வர்றாங்க பெயிண்டரே. பார்வைக்கு ஒரு கோட்டு அடிச்சு விட்டுட்டுப் போங்களேன்."

"அடிக்கலாம். அஞ்சாம் நாள் அவங்க தோள்ல உரிஞ்சு விழும். பரவாயில்லையா?"

அவர் சிரிக்காமல் இதைச் சொல்வதால் கேட்பவர்களுக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

வருஷத்தில் ஏழு மாதம் துவைத்த துணி ஒழுங்காகக் காயாத இடம் இது. மழை நின்றாலும் காற்றில் தண்ணீர் நிற்கும். உப்பு டப்பாவில் உப்பு கட்டியாகும். பீரோவுக்குள் வைத்த செருப்பில் பூசணம் பூக்கும். இங்கே வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்சுவருக்கு, அதுவும் ஓதம் ஏறிய உள்சுவருக்கு, இவரைத்தான் தேடுவார்கள். மற்றவர்கள் அடித்தது எட்டு மாதத்தில் பொரிந்து எழும். இவர் அடித்தது ஆறு வருஷம் நிற்கும், வீட்டுக்காரர்கள் சொன்னபடி கேட்டால்.

கேட்க மாட்டார்கள். அதுதான் அவருடைய நிரந்தர மனக்குறை. மற்ற விஷயங்களில் வாய் திறக்காத மனிதர், சுவர் என்றால் மட்டும் பேசுவார். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாதே, ஒரு சாண் தள்ளிப் போடு, சுவரும் மூச்சு விடணும். காலையில் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் அரைமணி நேரம் திறந்து வை. துணியை அறைக்குள் உலர்த்தாதே, துணியில் இருக்கும் தண்ணீர் வேறு எங்கே போகும், சுவருக்குத்தான் போகும். பூசணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதே, அது அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடை. மீந்த பெயிண்டை ஒரு பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதி வை. இதையெல்லாம் எத்தனையோ வேளைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்டிருக்கிறேன். அவர் வீட்டில் பதினொரு மாதம் இருந்தவள் நான்.

அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ளப் போனேன். வீட்டோடு இருந்து நோயாளிகளைப் பராமரிப்பது என் தொழில். முறையாகப் பயிற்சி எடுத்து நாற்பத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். அந்த அம்மாவுக்கு நுரையீரலில் கோளாறு. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு வெளியே வராது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது.

"எங்கப்பா வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்தான் நர்சம்மா இவரு" என்று முதல் வாரத்திலேயே சொன்னாள். "வந்து கைய வச்சுப் பாத்துட்டு காயட்டும்னு போயிட்டாரு. அடுத்த வாரம் வந்தாரு, காயட்டும். அதுக்கு அடுத்த வாரமும் காயட்டும். அஞ்சு தடவ வந்தாரு. ஈரத்தப் பாக்க வர்றாரா, என்னப் பாக்க வர்றாரான்னு எங்கப்பாவுக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"நீங்க என்ன நெனைச்சீங்க?"

"நான் வாளித் தண்ணிய சுவத்துல ஊத்திடலாமான்னு நெனைச்சேன்."

அவர் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. திரும்பவில்லை. பாதிச் சிரிப்பு ஒன்று வந்து போனதைப் பார்த்தேன்.

சின்ன வீடு அது. தெருவைப் பார்த்த முன்னறை, அதில் அவருடைய டப்பாக்கள், ஏணி, ரோலர்கள். அடுத்து சமையலறை. பின்னால் மேற்குப் பக்கம் ஓர் அறை, அதில் நோயாளி. அந்த அறைக்கு வெளிர் பச்சை அடித்திருந்தார், மனைவி கேட்ட நிறம்.

டாக்டர் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஆவி பிடிக்கச் சொல்லியிருந்தார். காலை ஆறு, மதியம் இரண்டு, மாலை ஆறு. ஆவி பிடித்து முதுகைத் தட்டினால் கொஞ்சம் சளி வரும், ஒரு மணி நேரமாவது நிம்மதியாக மூச்சு விடுவாள். காற்று பட்டால் இருமல் பிடித்துக்கொள்ளும், அதனால் ஜன்னலை அடைத்தே வைத்தோம். வழக்கப்படி மாதத்துக்கு ஒன்று என்று கெட்டி அட்டையில் கட்டம் போட்டு, மருந்து, ஆவி, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாவற்றுக்கும் நேரம் எழுதினேன். கட்டிலுக்கு எதிரே மேற்குச் சுவரில் ஓர் ஆணி அடித்து அட்டையை மாட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு டிக். நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செய்வார், அவர் போடுவார். அவருடைய டிக் என்னுடையதைவிட நேராக இருக்கும்.

மூன்றாம் மாதம் மேற்குச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கட்டியது. நான்காம் மாதம் மூலையில் கறுப்புப் புள்ளிகள். நான் பார்த்தேன். ஆனால் என் வேலை நெஞ்சு, சுவர் இல்லை. அவரும் பார்த்தார். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், உடை மாற்றாமல் புறங்கையைச் சுவரில் வைத்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் மனைவிதான் சொன்னாள். "ஊர்ல இருக்குற சுவத்தையெல்லாம் காப்பாத்துற மனுஷன், சொந்த வீட்டுச் சுவரப் பாருங்க. டீல ஊறின பிஸ்கட் மாதிரி ஆயிடுச்சு."

"அது கிடக்கட்டும். நீ ஆவி பிடி."

"எல்லாருக்கும் காயட்டும், எனக்கு மட்டும் கிடக்கட்டுமா?"

பின்னால் அவரைச் சமையலறையில் நிறுத்திக் கேட்டேன். "பெயிண்டரே, ஆவிக்கு அப்புறம் ஜன்னலக் கொஞ்சம் திறந்து வைக்கட்டுமா? சுவர் போயிட்டிருக்கு."

"மூச்சு எப்படி இருக்கு?"

"ஆவி பிடிச்சா பரவாயில்ல. காத்து பட்டா இருமல்."

"அப்ப மூடியே இருக்கட்டும். சுவர மறுபடி அடிச்சுக்கலாம்."

அதற்குமேல் அந்தப் பேச்சே எழவில்லை. அவர் தினமும் வெளியே போய் அடுத்தவர்களிடம் ஜன்னலைத் திறங்க, ஜன்னலைத் திறங்க என்று சொல்லிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து மூடிய ஜன்னலுக்குள் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். சுவர் நாளுக்கு நாள் கறுத்தது.

பதினோராம் மாதம், காலை பத்து நாற்பதுக்கு அந்த அம்மா போய்விட்டாள். அவர் இரண்டு தெரு தள்ளி வேலையில் இருந்தார். போன் செய்தேன். தலைமயிரில் வெள்ளைப் புள்ளிகளோடு வந்தார். முதலில் பின்பக்கம் போய்க் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார், அப்புறம்தான் அறைக்குள் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புறங்கையை அவள் நெற்றியில் வைத்தார்.

"சூடு இருக்கு" என்றார்.

"கொஞ்ச நேரம் இருக்கும்" என்றேன்.

கையை அவராக எடுக்கவில்லை. நான் எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அழுததை நான் பார்க்கவில்லை. அழுதாரா என்று பிறகு கேட்கவும் இல்லை.

நோயாளி இறந்த அன்றே அறையை ஒழித்துவிட வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித்தந்த பாடம். மாத்திரைகள், குழாய்கள், பாத்திரங்கள், அட்டை, எல்லாவற்றையும். பார்த்துப் பார்த்து அழுவார்கள் என்பதற்காக இல்லை. வீட்டில் இருப்பவர்களின் கையும் காலும் அந்த நேரத்துக்கு அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்பதற்காக. அன்றைக்கு மாத்திரைகளைக் கட்டினேன், காற்று மெத்தையைச் சுருட்டினேன், வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். அவர்களுடைய மகள், நிறைமாதத்துக்கு இன்னும் நாள் இருக்கும் கர்ப்பிணி, வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, பக்கவாதம் வந்த ஆள், போய்விட்டேன்.

அட்டையை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து மகள் போன் செய்தாள். குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது என்பதும், ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. பெண் குழந்தை. மூச்சுதான் கொஞ்சம் பலவீனம்.

"நர்சம்மா, அப்பா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வர முடியுமா?"

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சுவத்துக்கு."

விஷயம் இதுதான். அவள் கணவன் கப்பலில் வேலை செய்பவன். மாதக் கடைசியில் கிளம்பினால் ஒன்பது மாதம் கடலில். கைக்குழந்தையோடு அவள் தனியாக இருக்க முடியாது. போவதற்கு இரண்டே இடம். ஒன்று அப்பா வீடு. இன்னொன்று கணவனுடைய அக்கா வீடு, ஒன்றரை நாள் பயணம். ஒருமுறை அங்கே போய்விட்டால் குழந்தை நடக்கிற வரைக்கும் திரும்பிவர முடியாது. அப்பா வீட்டுக்கு வரத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் குழந்தை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஓதம் அடிக்கிற அறையில், பூசணம் இருக்கிற அறையில் இந்தக் குழந்தையைப் படுக்கவைக்கவே கூடாது என்று.

"ஏழு வாரமா சொல்லிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவ போன் பண்ணும்போதும் காயல, காயலங்கிறாரு. இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கு. என் வீட்டுக்காரரு அக்கா வீட்டுக்கு டிக்கெட் போடணும்ங்கிறாரு."

"மழை அதிகம்ல?"

"எதிர்வீட்டுக்கு அடிச்சு முடிச்சுட்டாரே! அதே மழைதானே? நான் வர்றது அவருக்குப் பிடிக்கலையோ என்னமோ. அம்மா இருந்த அறை. அத நேரா சொல்லிட்டா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். சுவத்து மேல எதுக்குப் பழியப் போடணும்?"

மறுநாள் மதியம் போனேன். வழியில் பெயிண்ட் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"காயட்டும் வீட்டுக்கா? நல்லதாப் போச்சு. என்னன்னு கேளுங்க நர்சம்மா. பிரைமர் வாங்கிட்டுப் போயி அஞ்சு வாரமாச்சு, டப்பா மூடியே திறக்கலையாம். அதுக்குள்ள நாலு தடவ பிளாஸ்டிக் ஷீட் வாங்கிட்டாரு. சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறாரா, ரெயின்கோட் தைக்கிறாரான்னு தெரியல."

"நீங்களே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. காயட்டும்னாரு."

பிளாஸ்டிக் ஷீட் எதற்கு என்று எனக்குத் தெரியும். சுவரில் ஒரு முழத்துக்குச் சதுரமாக ஷீட்டை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிடுவார். ஒருநாள் கழித்துப் பார்ப்பார். ஷீட்டுக்கு உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது, எங்கேயோ கசிகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் சுவரில் குற்றம் இல்லை, அறைக்காற்றில் இருக்கும் ஈரம் அது. யார் வீட்டில் எந்தப் பக்கம் என்பதை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பவர்.

கதவைத் திறந்தார். இளைத்திருந்தார், ஆனால் சட்டை துவைத்த சட்டை, முகம் மழித்த முகம். "வாங்க நர்சம்மா" என்றார், நேற்றுத்தான் போனவளைக் கூப்பிடுவதுபோல.

நேராகப் பின்னறைக்குப் போனேன். வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார். உரிந்த பெயிண்டையெல்லாம் பூச்சு தெரியும்வரை சுரண்டி எடுத்திருந்தார். பூசணத்தைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைக் கூட்டியிருந்தார். கட்டில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஜன்னல் மூடியிருந்தது. அறை குளியலறைபோலப் புழுங்கியது.

மேற்குச் சுவரில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பழைய வெளிர் பச்சை இருந்தது. என் அட்டை. அதே ஆணியில், அதே நூலும் பென்சிலுமாகத் தொங்கியது. அதைக் கழற்றாமல் அதைச் சுற்றிச் சுரண்டியிருந்தார்.

"காயலையா?" என்றேன்.

"காயல."

"எந்தப் பக்கம் தண்ணி?"

அவர் தரையில் கிடந்த உப்புத்தாளை எடுத்து மடித்தார்.

"ஷீட்டுல பெயிண்டரே. உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"பாக்கல" என்றார். "ஈரமா இருக்கு. காயட்டும்."

இந்த மனிதர் பார்க்கவில்லை என்கிறார். நானே போய் ஷீட்டைத் தொட்டேன். வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். ஒரு மூலையில் டேப்பை உரித்து உள்ளே விரலை விட்டேன். பொடி ஒட்டியது. சுவர் காய்ந்துதான் இருந்தது.

"வெளிப்பக்கம். அப்ப ஈரம் அறையிலதான். துணி காயப்போடுறீங்களா?"

"சேச்சே."

"அப்புறம் எங்கேருந்து வருது?"

முன்னறைக் கடிகாரம் இரண்டு அடித்தது. அவர் திரும்பிச் சமையலறைக்குப் போனார். டீ போடுகிறார் என்று நினைத்தேன். பர்னர் பற்றும் சத்தம் கேட்டது, பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில், துணியால் இரண்டு காதையும் பிடித்து, மூடிபோட்ட அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாய் அகலமான அலுமினியப் பாத்திரம். ஆவி பிடிக்கவைக்கப் பதினொரு மாதம் என் கையில் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் வைத்தார். மடித்த துண்டைத் தலையணை மேல் போட்டார். மூடியைத் திறந்தார். ஆவி கூரைவரைக்கும் எழுந்தது.

பிறகு அட்டைக்குப் போய், பென்சிலை எடுத்து ஒரு டிக் போட்டார்.

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். நான் போட்ட கட்டங்கள் எப்போதோ தீர்ந்திருந்தன. ஓரத்தில், வெள்ளை இடம் இருந்த பக்கமெல்லாம், வரிசை வரிசையாக டிக். பொடிப் பொடியாக, நேராக. ஒரு நாளைக்கு மூன்று.

"இது யாருக்கு பெயிண்டரே?"

"ரெண்டு மணி" என்றார்.

"ரெண்டு மணிதான். யாருக்கு?"

பாத்திரத்தைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். "யாருக்கும் இல்ல."

"தெனமும் மூணு வேளையுமா?"

"அட்டையில இருக்குற மாதிரிதான்."

"ரெண்டு மணிக்கு வேலைய விட்டுட்டு வருவீங்களா?"

"சாப்பிட வருவேன்."

"சாப்பிட்டீங்களா?"

யோசித்தார். "ஆவி வச்சுட்டுச் சாப்பிடலாம்னு."

"தெரிஞ்சேதான் செய்றீங்களா?"

"தெரியாம என்ன? கை செய்யுது நர்சம்மா. வேணாம்னு நெனைக்கிறதுக்குள்ள தண்ணி கொதிச்சுடுது. கொதிச்ச தண்ணிய என்ன பண்றது, கொண்டாந்து வச்சுடறேன்." குரலில் ஒன்றும் இல்லை. எந்த ரோலர் எந்தச் சுவருக்கு என்று சொல்லும் அதே குரல்.

பைத்தியம் இல்லை. நான் பைத்தியங்களையும் பார்த்திருக்கிறேன். ஒருத்தி கணவன் இறந்து ஒரு வருஷம் அவனுக்கும் சேர்த்துச் சர்க்கரை இல்லாத டீ போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருவர் வீட்டில் படுக்கைப்புண் மருந்து மாதாமாதம் வாங்கி அடுக்கியிருந்தார்கள். எங்கேயும் அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, விட்டுவிட்டேன். இங்கே அப்படி இல்லை.

பாத்திரத்தை மூடினேன். "உங்க பொண்ணு நேத்து எனக்குப் போன் பண்ணுச்சு. தான் வர்றது அப்பாவுக்குப் பிடிக்கல, அதான் சுவத்து மேல பழியப் போடுறாருன்னு நெனைக்குது."

"அப்படியா சொன்னா?"

"அப்படித்தான் சொன்னா. இருபத்தஞ்சு நாள்ல அந்தப் புள்ளயத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவா."

தலையணை மேலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "வந்தா நல்லா இருக்கும்" என்றார்.

"அதை அவகிட்ட சொல்லுங்க. இப்ப ஜன்னலத் திறங்க."

ஜன்னல் மரம் ஊறி உப்பிச் சட்டத்தோடு இறுகியிருந்தது. சுவருக்குப் பட்டி பூசும் தகட்டை இடுக்கில் விட்டு இரண்டு தட்டுத் தட்டி, தோளைக் கொடுத்துத் தள்ளினார். திறந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் ரேடியோ சத்தம் உள்ளே வந்தது.

"இந்த அட்டைய அன்னிக்கே நான் எடுத்திருக்கணும்" என்றேன். "என் தப்பு."

"நீங்க எழுதி மாட்டுனது. நான் எப்படி எடுக்குறது?"

"இப்ப எடுக்கட்டுமா?"

"என்னைக் கேக்குறீங்களே."

"உங்க வீடு. கேட்டுத்தான் எடுக்கணும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "எடுங்க. ஆணியையும் பிடுங்கிடுங்க. ஓட்டைய நான் பட்டி வச்சு அடைச்சுக்கறேன்."

ஆணி வரவில்லை, துருப்பிடித்திருந்தது. குறடு எடுத்து அவரே பிடுங்கினார். அட்டை இருந்த இடத்தில் வெளிர் பச்சைச் சதுரம், புதிதாக அடித்ததுபோல, ஒரு கொப்புளம்கூட இல்லாமல் இருந்தது.

"இந்த இடம் நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்குற இடத்த விட்டுட்டு அடிச்சா ஓரம் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பட்டித்தகட்டை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தார். நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். தூசியைக் கூட்டி அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினார்.

பாத்திரத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஆறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு அட்டையை மடித்து அதற்குள் போட்டேன். ஆனால் ஒரு பழக்கத்தை எடுத்தால் அந்த நேரத்துக்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். வெறும் நேரமாக விட்டால் பழையது திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"கேட்டுக்குங்க. காலைல ஆறு, மதியம் ரெண்டு, சாயங்காலம் ஆறு. ஜன்னலத் திறங்க. ஷீட்டுல எந்தப் பக்கம் ஈரம்னு பாருங்க. பாத்துப் பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

"எழுதிக் குடுத்துடுங்களேன்."

"எழுத மாட்டேன். வாயால சொன்னதோட சரி."

அன்றைக்கு அவர் சாப்பிடுகிற வரைக்கும் இருந்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாம் நாள் மகள் போன் செய்தாள். "நர்சம்மா, அப்பாகிட்ட என்ன சொன்னீங்க? விடிஞ்சதும் போன், மதியம் போன், சாயங்காலம் போன். ஹலோன்னா 'வெளிப்பக்கம் குறைஞ்சிருக்கு, உள்பக்கம் இல்ல'ங்கிறாரு. வச்சுடறாரு."

"கேட்டுக்கோ."

"என் வீட்டுக்காரரு கேக்கறாரு, உங்கப்பா வானிலை ஆபீஸ்ல சேந்துட்டாரான்னு."

"டிக்கெட் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல." பிறகு சொன்னாள். "நேத்து சாயங்காலம் ஈரத்தச் சொல்லிட்டு உடனே வைக்கல. கொஞ்ச நேரம் லைன்லயே இருந்தாரு. வந்தா நல்லா இருக்கும்னாரு."

பதினாறு நாளில் ஷீட் இரண்டு பக்கமும் காய்ந்தது. அதற்குப் பிறகும் மூன்று நாள் விட்டார், அவர் அவர்தானே. பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர், இரண்டு கோட்டு. பளபளப்பான பெயிண்ட் வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும் என்று மங்கலாக நிற்கிற ரகத்தை வாங்கினார். நிறம் என்னவென்று மகளிடம் கேட்டாராம். அம்மா அடிச்ச கலரே அடிங்கப்பா என்றிருக்கிறாள். அம்மா அடிக்கவில்லை, நான்தான் அடித்தேன் என்று திருத்தினாராம்.

மாதக் கடைசியில் அவள் குழந்தையோடு வந்து இறங்கியபோது அறை தயாராக இல்லை. தயார்தான், ஆனால் பெயிண்ட் வாசனை போகவில்லை. முன்னறையிலிருந்த டப்பாக்களையும் ஏணியையும் தூக்கி வெளியே கூரைக்கடியில் போட்டு, தரையைக் கழுவித் துடைத்து, அங்கே படுக்கையைப் போட்டிருந்தார். பின்னறைக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"எப்பப்பா உள்ள போறது?"

"காயட்டும்."

"பேத்திக்குமா?"

"பேத்திக்குத்தான் நல்லாக் காயணும்."

ஆறாம் நாள் கயிற்றை அவிழ்த்தார். அன்றைக்கு மகள் என்னையும் வரச் சொன்னாள். குழந்தையின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் காற்று ஒழுங்காகப் போய் வந்தது. கொஞ்சம் வேகம், அந்த வயதுக்கு அப்படித்தான் இருக்கும். அவர் சுவரில் புறங்கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குழந்தையை விட்டுத் தலையை நிமிர்த்தி, "இங்க சரியா இருக்கு" என்றேன். "இங்கயும்" என்றார். குழந்தையின் கட்டில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. மீந்த பெயிண்ட் பாட்டில் தேதியோடு பீரோவின் மேல் இருந்தது.

அவளுக்குக் குழந்தையின் சொட்டுமருந்துகள் குழம்பின. எது காலையில், எது பாலுக்குப் பிறகு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்கு ஒரு ஆணி அடிங்களேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைத் திரும்ப வாங்கி, மேலே பெரிய எழுத்தில், 'வரும் மாதம் பதினான்காம் தேதிவரை மட்டும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். பீரோக் கதவின் உள்பக்கம் டேப் வைத்து ஒட்டினேன். இப்போதெல்லாம் எந்த வீட்டில் அட்டை எழுதினாலும் முடிகிற தேதியைத்தான் முதலில் எழுதுகிறேன். தேதி தெரியாத நோயாளி என்றால் 'நர்ஸ் இருக்கும்வரை' என்று எழுதுகிறேன்.

முன்னறைக் கடிகாரம் இரண்டு அடித்தது. அவர் போய் ஜன்னலைத் திறந்தார். கொஞ்ச நேரம் கையைத் தொங்கவிட்டு நின்றார். பிறகு சமையலறைக்குப் போய்ச் சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டேன், மூன்று மணிக்கு வேறு வீட்டில் ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருந்தது.